முழங்காலளவு தண்ணீர்

1

நாற்பத்தொரு மணித்தியாலம். குருநகர் மீனவன் லியோனை விசாரணைக்கென்று வீட்டிலிருந்து கூட்டிச் சென்றதற்கும், கொழும்புத்துறைக் கரையில் அவன் உடல் ஒதுங்கியதற்கும் இடையிலிருந்த நேரம் அது. இப்படித் தொடங்கினால் நம்புவீர்கள் என்று நினைத்தேன். எண்ணைச் சொன்னால் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். விஞ்ஞானம் படித்ததில் எனக்கு மிஞ்சிய அறிவு இது.

உண்மையில் கதை வந்த வழி வேறு. பல்கலைக்கழக வளாகத்தில் என் இறுதியாண்டு ஆய்வு யாழ்ப்பாண நீரேரியிலும் ஊர்க் கிணறுகளிலும் உள்ள நுண்பாசிகளைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத பாசி. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி போல ஓர் ஓடு உண்டு. 1986இல் ஒருநாள், ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனைப் பகுதியின் ஆய்வுகூடத்தில் வேலைசெய்யும் பெண் ஒருத்தி வந்து, ஒப்பிட்டுப் பார்க்க என் பாசி ஒட்டிய கண்ணாடித் தகடுகளை இரவல் கேட்டாள். இரண்டு நாளில் திருப்பித் தந்தாள். நன்றி சொன்னாள். முகம் வெளிறியிருந்தது. என்ன கண்டாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் சொல்லாததைத்தான் எழுதுகிறேன். ஆகவே இனி வரும் ஆட்கள் எல்லாரும் என் கற்பனை. அவளுக்குப் பராசக்தி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

"பராசக்தியின் விரல்கள் மெலிந்து நீண்டு, வீணை வாசிப்பவளின்—"

இல்லை. அவள் விரல்கள் அமிலம் பட்டு மஞ்சளாகியிருந்தன. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது மட்டும் நிற்கட்டும்.

அவள் வேலையைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. தண்ணீரில் கிடந்து எடுத்த உடலின் தொடை எலும்பின் உள்ளேயிருக்கும் மச்சையை எடுத்து அமிலத்தில் காய்ச்சுவாள். அமிலம் மனிதனுடையது எல்லாவற்றையும் தின்றுவிடும். நுண்பாசியின் ஓடு மட்டும் அதற்கு மசியாது. செத்த பிறகு தண்ணீரில் போடப்பட்டவனுடைய மச்சையில் பாசி இராது. உயிரோடு தண்ணீரைக் குடித்தவனுடைய இதயம், நிற்பதற்கு முன், அந்தத் தண்ணீரின் பாசியை எலும்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இதயத்துக்கு அவ்வளவு கடமையுணர்ச்சி.

லியோனின் எலும்பில் பாசி இருந்தது.

(அதோடு இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. அதற்காகத்தான் என் தகடுகளைத் தேடி வந்தாள். அதை இப்போது சொல்லமாட்டேன். கோபிக்காதீர்கள், அவளும் சொல்லவில்லை.)

3

பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதும் டொக்டர் நமசிவாயத்தைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. களைத்த மனிதராக எழுதுகிறேன்.

பராசக்தி சொன்னதை அவர் முழுவதும் கேட்டார். எழும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தாண்டு செத்தது உண்மைதானே, பிள்ளை?"

"ஓம், டொக்டர்."

"அப்ப நீரில் மூழ்கி இறந்தவர் எண்டு எழுதுவம். அதிலை பொய் ஒண்டும் இல்லை. மிச்சத்தை ஆரும் எங்களிட்டைக் கேக்கேல்லை."

"கேட்டால்?"

"கேக்கமாட்டினம். கடல் ஆக்கள். அவையளுக்கு அது மரியாதையான சாவு."

அவளுடைய ஊரைப் போல அவருடைய ஊரும் கடலில்லாத ஊர்தான். அவளுக்கும் அது இரக்கமான சொல்லாகவே பட்டது. இருவரும் சேர்ந்து, ஒரு பொய்யும் எழுதாமல், லியோனைப் புதைத்த குழிக்குள் இன்னொரு முறை தள்ளினார்கள்.

(மேலேயுள்ள வாக்கியம் கொஞ்சம் சத்தமாக இருக்கிறது. வெட்டவேண்டும். அடுத்த பகுதியைப் படித்த பிறகு வெட்டலாமா என்று சொல்லுங்கள்.)

4

பிரேத அறையில் வேலைசெய்யும் கனிசியஸ் அண்ணை லியோனின் கரையைச் சேர்ந்தவர். மூன்று கிழமை கழித்து, கழுவிய தட்டுகளை அடுக்கியபடி கேட்டார்:

"தங்கச்சி, அந்த றிப்போட்டை எழுதினது ஆர்?"

"டொக்டர். ஏன்?"

"அவருக்கு ஆரும் எங்கடை கரையைக் காட்டேல்லைப் போலை. அவனை எடுத்த இடத்திலை, சுத்திவரத் தூரத்துக்கும் தண்ணி முழங்கால் மட்டும்தான். சிறகுவலைக்காரர் நடந்து போய்வாற இடம். அங்கை தாழுறதெண்டால் ஆள் படுத்துக் கிடக்கவேணும்."

பராசக்தி தன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் தோட்டம் செய்யிற ஊர் ஆக்கள். வெங்காயம் தெரியும், தண்ணி தெரியாது," என்று சிரித்தார். சிரிப்பு நின்றது. "இப்ப என்ன கதை தெரியுமே? கூட்டிக்கொண்டு போனவங்கள் அண்டைக்கே பொழுதுபட விட்டிட்டமெண்டு சொல்லுறாங்கள். அப்ப வீட்டை வராமல் ஏன் தண்ணிக்கை போனவன்? நாலு பேரைக் காட்டிக்குடுத்திட்டு, வெக்கத்திலை தானே போய்க் கவிண்டு படுத்திட்டானாம். டொக்டரே தாண்டு செத்ததெண்டு எழுதிப்போட்டாராம். முப்பத்தொராம் நாள் பூசையும் இல்லை, குழிமேலை சிலுவையும் நடக்கூடாதெண்டு கோயில் மூப்பர்மார் நிக்கினம்."

கடல் ஆக்கள் கடலில் சாவது மரியாதைதான். முழங்காலளவு தண்ணீரில் சாவது தற்கொலை. வலிகாமத்துத் தோட்ட ஊர்களில் பிறந்த இரண்டு படித்தவர்களுக்கு இது தெரியாது.

5*

மக்டலீன் அடுத்த நாள் வந்தாள். லியோனின் மனைவி. அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் அந்தப் பக்கத்தில் நிற்க மறுத்துவிட்டாள். அழாத மக்டலீனே ஆய்வுகூடத்து யன்னலுக்கு வெளியே நின்றாள்.

"என்ரை மனிசன்ரை எலும்பைக் காய்ச்சினது நீங்களே?"

பராசக்திக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஓம் அக்கா."

"நான் சண்டைக்கு வரேல்லை. ஒண்டு கேக்க வந்தனான். வெள்ளிக்கிழமை முப்பத்தொண்டு. என்ரை மகளுக்கு வாற மாசம் கோயிலிலை புதுநன்மை, முதன்முதல் நற்கருணை எடுக்கிறாள். காட்டிக்குடுத்தவன்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை நிக்கமாட்டமெண்டு மற்றப் பிள்ளையளின்ரை தாய்மார் சொல்லிப்போட்டினம். அவர் தானாப் போய் விழுந்தவரோ, இல்லையோ? ஓமெண்டால் ஓமெண்டு சொல்லுங்கோ. சிலுவை இல்லாமலே கிடக்கட்டும். நானும் ஏசிப் பேசித் தீக்கிறன் அவரை. பேசாமல் இருக்கிறதுதான் ஏலாமல் கிடக்கு."

* யார் கூட்டிச் சென்றார்கள் என்று கேட்பீர்கள். அந்த வருடத்தில் யாழ்ப்பாணத்தில் ஆட்களைக் கூட்டிச் செல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு தரப்பின் பெயரை எழுதினால் மறுதரப்பார் இந்தக் கதையைக் கைதட்டிப் படிப்பார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். பெயரை எழுதப் பயமும்தான்.

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில், "எனக்குத் தெரியாது அக்கா" என்கிறாள் பராசக்தி. மக்டலீன் போய்விடுகிறாள். நடக்கக்கூடியது இதுதான். மிக நன்றாகவும் வந்திருந்தது, கிழித்துப்போட்டேன்.

இரண்டாவதில் அவள் உண்மையைச் சொல்கிறாள். வெள்ளிக்கிழமை சிலுவை நடப்படுகிறது. சனிக்கிழமை ஆய்வுகூடத்து வாசலில் ஒரு வான் வண்டி வந்து நிற்கிறது. "பராசக்தி, ஒரு சின்ன விசாரணை—"

மூன்றாவதில் உண்மையைக் கேட்ட மக்டலீன், மூப்பர்மாரிடம் போகாமல் வீட்டுக்குப் போகிறாள். போய் மகளின் வெள்ளைச் சட்டையைத் தைக்கிறாள். யாருக்கும் சொல்வதில்லை. இது எனக்குப் பிடித்தது. பிடித்த முடிவுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சிலுவையா, வானா, சட்டையா என்பதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் நான் கேட்கமாட்டேன். ஆனால் மூன்றுக்கும் முன்னால் ஒரு பெண் யன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்கிறாள். அவளுக்கு விடை வேண்டும்.

7

பராசக்தி கதவைப் பார்த்தாள். டொக்டரின் அறை திறந்திருந்தது. கனிசியஸ் அண்ணை தட்டுக் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"அவர் தானா விழேல்லை, அக்கா," என்றாள்.

"அதை எப்பிடிச் சொல்லுறியள்? தாண்டு செத்ததெண்டு நீங்கள்தானே எழுதினது?"

"தாண்டு செத்தது உண்மை."

"அப்ப?"

பராசக்தி சத்தமாகப் பேசிப் பழகாதவள். முதல்முறை சொன்னது யன்னலைத் தாண்டவில்லை. மக்டலீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தாள். இரண்டாம் முறை, அறைக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அவரின்ரை எலும்புக்குள்ளை இருந்தது உப்புத் தண்ணிப் பாசி இல்லை அக்கா. கிணத்துத் தொட்டிப் பாசி. அவரை ஆரோ நல்லதண்ணிக்குள்ளை அமத்திப் பிடிச்சுச் சாக்காட்டிட்டு, பிறகுதான் கடலிலை போட்டிருக்கினம்."