ஊரில் இரண்டே பிரமுகர்கள்

குமாரவேல் வக்கீலாகிப் பத்து வருஷம் நிறைந்த அன்று மாலை ஜிலேபியோடு வீட்டுக்கு வந்தார். ஏதாவது கேஸில் ஜெயித்துவிட்டாரோ என்று மனைவி மயிலாத்தாள் ஒரு கணம் பயந்தே போனாள்.

"கேசெல்லாம் ஒண்ணுமில்ல. இனிமே நான் நோட்டரிக்கு மனுப் போடலாம். பத்து வருஷம் வக்கீலா இருந்திருக்கோணும். இருந்தாச்சு."

"நோட்டரின்னா என்னங்க?"

அதைச் சொல்லத்தான் அவர் இத்தனை காலம் காத்திருந்தார். வாடகை நூலகத்தில் இருந்த பிறநாட்டு நாவல்களின் மொழிபெயர்ப்பு அத்தனையும் படித்து முடித்தவர். அந்தக் கதைகளில் நோட்டரி வருகிறார் என்றால் பனி கொட்டும் தெருவில் குதிரை வண்டி வந்து நிற்கும். கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் தோல் பையோடு இறங்குவார். கணப்பு எரியும் கூடத்தில் அவர் உயிலைப் பிரிக்கும்போது சொந்தக்காரர் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். திருப்பூர் கோர்ட்டில் குமாரவேல் எழுந்து பேச ஆரம்பித்தாலோ எல்லோருடைய மூச்சும் நன்றாகக் கேட்கும், சில நாள் குறட்டையாகவே. பனிக்குக்கூட இந்த ஊரில் பனியன் கம்பெனி ஜன்னல்களிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசிதான் இருந்தது.

"கையெழுத்துப் போட்டது இன்னாருதான், சத்தியம் பண்ணுனது இன்னாருதான்னு முத்திரை குத்திக் குடுக்கற ஆளு. இப்ப அதுக்கு எல்லாரும் கோயமுத்தூர் ஓடறாங்க."

"வாதாட வேண்டீதில்லீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு ஒத்து வருமுங்க" என்றாள் மயிலாத்தாள், ஜிலேபியைப் பிய்த்துக்கொண்டே.

அவளுக்கும் ஒரு கவலை இருந்தது. அவளுடைய அப்பா மாரப்பனுக்குக் காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில். ஒரே மகள். "மாப்ள, அந்தக் கோட்டக் கழட்டிப் போட்டுட்டு மில்லுல வந்து உக்காருங்க" என்று வருஷா வருஷம் சொல்லிப் பார்த்தவர், இந்தத் தடவை கெடுவே வைத்துவிட்டார். தை பிறப்பதற்குள் மாப்பிள்ளை ஓர் ஆளாகாவிட்டால் குடும்பம் காங்கேயத்துக்கு வந்துவிட வேண்டும். குமாரவேலும் சரியென்று தலையாட்டியிருந்தார். எண்ணெய்க் கையால் புரட்டினால் புத்தகத் தாளெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்பதை நினைத்து நினைத்து அவருக்குத் தூக்கம் கெட்டது.

மனுவின் அடியில் சிலர் மேலொப்பம் இட வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட், ஒரு பாங்கு மேனேஜர், ஒரு வியாபாரி, அப்புறம் அந்தப் பகுதிப் பிரமுகர்கள் இருவர். முதல் மூன்றும் சுலபமாகக் கிடைத்தன. அதிலும் மாஜிஸ்திரேட், இவர் இனி வாதாட வரமாட்டார் என்று தெரிந்ததும் பேனாவை மேஜையில் தேடிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையிலிருந்தே எடுத்தார்.

பிரமுகர்களுக்கு, பனியன் கம்பெனி தண்டாயுதபாணியிடமும் பஞ்சு மண்டி லிங்கசாமியிடமும் போனார்.

"இன்னொருத்தரு யாருங்க?" என்று கேட்டார் தண்டாயுதபாணி.

"லிங்கசாமிங்க."

"எனக்குக் கீழதானுங்களே?" என்று சொல்லி, இரண்டு பேருக்கான இடத்தையும் அடைத்து ஒரே கையெழுத்தாகப் போட்டார். லிங்கசாமி அதைப் பார்த்தார். மூலையில் மிச்சமிருந்த இடத்தில் தன் பெயரை எழுதி, கடைசி எழுத்தின் வாலை மட்டும் மேலே இழுத்துக்கொண்டுபோய்த் தண்டாயுதபாணியின் தலைக்கு மேல் முடித்தார்.

மனு போயிற்று. ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று கோர்ட்டுப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மறுநாள் காலையே சாயப்பட்டறை சென்னியப்பன் வந்து நின்றார்.

"ஏனுங் வக்கீலே, இந்த ஊர்ல பிரமுகரு ரெண்டே பேருதானுங்களா?"

"படிவத்துல ரெண்டு இடந்தானுங்க இருந்துச்சு."

"இடம் பத்தலீன்னா ஒரு காயிதத்த ஒட்டறது. தேரோட்டத்துல மொத வடம் புடிக்கறவன் நானு. என்னைய உட்டுப்போட்டு மண்டிக்காரருகிட்டப் போயிருக்கீங்க! உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. ஆனா ஆட்சேபணை பண்ணியே தீருவேன்."

அவர் எழுதிப் போட்ட சேதி கடைவீதியில் பரவியதும் வேறு வினை வந்தது. சென்னியப்பன் ஆட்சேபித்திருக்கும்போது பேசாமல் இருப்பவன் அவருக்குக் கீழே என்றல்லவா ஆகிவிடும்? அரிசி மண்டிக்காரர் ஆட்சேபித்தார். சோடா கம்பெனிக்காரர் ஆட்சேபித்தார். குமாரவேல் என்றால் யாரென்றே தெரியாத ஒரு ஜவுளிக்கடைக்காரர் நீளமாக ஆட்சேபித்தார். லாரி ஆத்தப்பன் நேரே குமாரவேலிடமே வந்தார்.

"எனக்கு எழுத வராதுங்க. நீங்களே ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க."

"என் மேல ஆட்சேபணைய நானே எழுதறதுங்களா?"

"உங்களப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும், சொல்லுங்க?"

குமாரவேல் எழுதிக் கொடுத்தார். நன்றாகவும் வந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியாகக் காங்கேயத்திலிருந்து ஒன்று வந்து சேர்ந்தது. அது மாரப்பன் போட்டது. மயிலாத்தாள் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. "எங்கப்பன் இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கட்டும், பேசிக்கறேன்" என்றாள்.

விசாரணைக்குக் கோயமுத்தூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கோர்ட்டு அறையில் உட்காரப் பெஞ்சு போதவில்லை.

"இவர்மேல என்ன குறை?" என்றார் அதிகாரி.

"குறையா? தங்கமான மனுசனுங்க" என்றார் சென்னியப்பன்.

"அப்புறம் ஆட்சேபணை?"

"என்னையக் கேக்காமப் போனதுக்குங்க."

அடுத்தவரும் அதையே சொன்னார், அதற்கடுத்தவரும். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் மாரப்பன் எழுந்தார்.

"பத்து வருசம் வக்கீலா இருந்தாருன்னு மனுவுல போட்டிருக்காருங்க. கோட்டுப் போட்டுட்டு வந்து உக்காந்திருந்தாருங்க. அது வக்கீலா இருந்த கணக்குல வருமுங்களா? என்ற மாப்ள ஒரு கேசு ஜெயிச்சு நான் கேட்டதே இல்லீங்க."

அதிகாரி முதல் தடவையாகப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். இது ஆட்சேபணை. குமாரவேலைப் பார்த்து, "பதில் சொல்றீங்களா?" என்றார். குமாரவேல் எழுந்தார். ஜெயித்த கேஸ் எதுவும் நினைவுக்கு வரவில்லை. எண்ணெய் மில்லின் வாசனை மட்டும் அந்த அறைக்குள்ளேயே வந்துவிட்டது போலிருந்தது.

"ஏனுங்க, நீங்க எந்தூருங்க?" என்று ஒரு குரல் கேட்டது. சென்னியப்பன்தான், மாரப்பனைப் பார்த்துக் கேட்டார்.

"காங்கயம்."

"காங்கயத்துக்காரரு வந்து எங்கூரு வக்கீலச் சொல்றதுங்களா? நாங்க சொல்லிக்கறமுங்க, அது வேற. என்ற வாய்க்கா கேச நடத்துனது இவருதான். தோத்தாரு, இல்லீங்கல. ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா ஜெயிச்சிருக்கலாம். மாட்டவே மாட்டேன்னுட்டாருங்க!"

"என்ற லாரி கேசுலயும் அதே கதைதானுங்க" என்று ஆத்தப்பன் எழுந்தார். "ஆக்சிடெண்டப்ப டிரைவரு முழிச்சிருந்தான்னு சொல்லுங்க, சாமின்னு காலப் புடிக்காத கொறை. தூங்கிட்டானுங்கன்னு கோர்ட்டுல எந்திரிச்சுச் சொல்லிப்போட்டாரு. அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லீங்க."

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. யார் கேஸை அவர் அதிக நேர்மையாகத் தோற்றார் என்பதில் ஆளுக்கு ஆள் போட்டி. கேஸே கொடுக்காத ஜவுளிக்கடைக்காரர் மட்டும் வருத்தமாக உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி கையமர்த்தினார். "ஆக, பத்து வருஷமும் தொழில் பண்ணியிருக்கார். பொய் சொல்ல மாட்டார்னு பல பேரு, அதுவும் நஷ்டப்பட்டவங்க, சொல்றீங்க. நோட்டரிக்கு வேற என்ன வேணும்? உங்க ஆட்சேபணையெல்லாம்?"

"வாபஸுங்க" என்றார் சென்னியப்பன். "ஆனா வாபஸ்ல என்ற கையெழுத்துத்தான் மொதல்ல வரோணும்."

மாரப்பன் அறையைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். மாப்பிள்ளைக்காக இத்தனை பேர் எழுந்து கத்துவார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்ற ஆட்சேபணையும் வாபஸுங்க" என்றார். "மில்லுக்குப் பொய் சொல்லாத ஆளு சரிப்பட்டு வராதுங்க."

மார்கழிக் கடைசியில் சான்றிதழ் வந்தது. முத்திரை செய்து வந்த அன்றைக்கே சென்னியப்பன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். தான் திருப்பூர்ப் பிரமுகர்களில் ஒருவர் என்று சத்தியப் பிரமாணம் எழுதியிருந்தார்.

குமாரவேல் முறைப்படி சத்தியம் வாங்கினார், எதிரே கையெழுத்துப் போடச் சொன்னார்.

"நான் பிரமுகருன்னு நீங்க முத்திரை குத்திக் குடுக்கறீங்க. அப்புடித்தானுங்களே?"

"இல்லீங்க. பிரமுகருன்னு நீங்க சத்தியம் பண்ணுனீங்கன்னு குத்திக் குடுக்கறேன்."

சென்னியப்பன் யோசித்தார். "ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"உள்ளது சொல்றேனுங்க, நெம்ப வித்தியாசம்."

"இருந்துட்டுப் போகுது, குத்துங்க. வெளிய என்ன, ஆத்தப்பன் நிக்கறாப்ல இருக்குது? அவரு கையில என்ன காயிதமுங்க?"

"இதேதானுங்க."

சென்னியப்பன் நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"அப்புடீன்னா தேதியோட மணியவும் சேத்துப் போட்டுருங்க" என்றார்.