கூமி என்கிற பேர்

மாயாண்டியின் மகள் பேரைக் கேட்டுச் சிரிக்காத ஆள் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிடையாது. தலீத்தாகூமி. கணக்கப்பிள்ளை வாயில் அது நுழையாமல் கூமி ஆயிற்று. லயத்து வீடுகளிலும் அதுவே நிலைத்தது. மாயாண்டிக்கு மட்டும் அது தங்கமான பேர். வேதத்தில் செத்துப் பிழைத்த சிறுமியின் பேர் அதுதான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பிறந்தபோது அவளுக்கு மூச்சில்லை. மருத்துவிச்சி பிள்ளையைப் பழந்துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டாள். தாய் அம்மாக்கண்ணு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பராவில் உபதேசியார் ஜெபக்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். ஆண்டவர் செத்த சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பிய கதை. 'தலீத்தாகூமி' என்று அவர் வாசித்தது சுவரைத் தாண்டி வந்தது. அதற்கு மேல் மாயாண்டி கேட்கவில்லை. துணியோடு பிள்ளையை வாரி எடுத்து அந்தப் பேரையே அதன் காதில் கத்தினார். பிள்ளை வீல் என்றது!

ஞானஸ்நானத்துக்கு அதே பேரைச் சொன்னபோது உபதேசியார் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார், சிரித்தார், எழுதிக்கொண்டார். நல்ல மனுஷன், கண்ணை மூடும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது கூமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பண்டாரவளைப் பக்கம். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் பேர் கொடுக்கப் போனால், புதிதாக வந்த பாதிரியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மாயாண்டி, இது பேரே இல்லீங்க. 'சிறுபெண்ணே, எழுந்திரு'ன்னு அர்த்தம். அரமேய பாஷை. சபையில வாசிச்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? ரூத்துன்னு மாத்திருவோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். எழுத்து வாசனை இல்லாதவனுக்கு இந்த அவமானம் வேண்டியதுதான். ஆனால் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த பேரை எந்த வாயால் வேண்டாம் என்பது?

மறுநாள் டிரங்குப் பெட்டி வாங்க ஹட்டனுக்குப் போனார். கடைக்கார அன்ஸார் நானா, "என்ன மாயாண்டி, மகள் கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வந்தவர் மொகமா இது?" என்று கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நானா நிமிர்ந்தார். "கூமீயா? அது எங்க அரபுலயும் ஈக்கிதானே! ஆம்பளைக்கு 'கும்', பொம்பளைக்கு 'கூமீ'. எழும்புன்னு அர்த்தம். மதரஸாவுல உஸ்தாது பிரம்போட வந்து 'கும், கும்'னுதான் எங்களை எழுப்புவார்."

"அப்ப தலீத்தா, நானா?"

"அது தெரியா. 'தலீ'ன்னு ஒண்ணு ஈக்கி. ஆட்டுக்குட்டி."

"குட்டியா?" மாயாண்டி கடையே அதிரக் கத்தினார். "அட போங்க நானா! நாங்களும் பொம்பளப் புள்ளையக் குட்டின்னுதானே கூப்புடுறோம்!"

பெட்டியைத் தலையில் வைத்தபடியே பாதிரியார் வீட்டு வாசலில் போய் நின்றார். நானா சொன்னதைக் கேட்டுப் பாதிரியார் முதலில் சிரித்தார். பிறகு தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்துப் படித்தார். எபிரெயத்தில் 'தாலே' என்றால் ஆட்டுக்குட்டிதான். அதற்கு உறவான சொற்கள் அரமேயத்தில் இரண்டு. 'தல்யா' என்றால் பையன், 'தலீத்தா' என்றால் சிறுமி.

"நான் சொன்ன அர்த்தம் தப்பில்ல, மாயாண்டி. ஆனா அது ரொம்ப மரியாதையா இருக்கு. வீட்டுல கூப்புடுற மாதிரி, 'குட்டி, எந்திரிம்மா'ன்னுதான் ஆண்டவர் கூப்பிட்டிருப்பார்னு தோணுது."

"அதையேதான்யா நானும் அன்னைக்கு அவ காதுல சொல்லியிருக்கேன்! தெரியாமலே சரியாச் சொல்லியிருக்கேனே!" மாயாண்டி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதார். பாதிரியார் பேனாவை எடுத்துப் பேரை முழுசாக எழுதிக்கொண்டார்.

ஓலை வாசித்தபோது ரெண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! அம்மாக்கண்ணுதான் வீட்டுக்கு வந்து மகள் தலையைத் தடவினாள். "நாளெல்லாம் ஊரே எந்திரி எந்திரின்னா புள்ள எப்புடி உக்காரும்? அதான் விடியக்காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்குத் தெனமும் மொத ஆளா ஓடியிருக்கு."

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை றொசல்ல ஸ்டேஷன். கூமி டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து அப்பன் கையைப் பிடித்திருந்தாள். ரயில் வந்து நின்றது. மற்ற சாமான்களையெல்லாம் மாப்பிள்ளை ஏற்றியாயிற்று. "எந்திரி புள்ள, வண்டி போயிரும்" என்று அம்மாக்கண்ணு சொல்லியும் அவள் அசையவில்லை.

"நீங்க கூப்புடுங்கப்பா."

பத்தொன்பது வருடம் வாய் ஓயாமல் கூப்பிட்ட பேர்தான். அர்த்தம் தெரிந்தபிறகு இப்போதுதான் அதைச் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவாளே! மாயாண்டி குனிந்தார். அன்றைக்குக் கத்திய அதே காதில் மெல்லச் சொன்னார்.

"தலீத்தா... கூமி."

கூமி எழுந்தாள்.