ஆளுக்குப் பாதி சுரங்கம்

நெவென்கா சாசேஜைக் கடித்தபடியே கணினித் திரையைப் பார்த்தாள். பார்த்தவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். வியாழக்கிழமை மதியம் மலைச் சுரங்கத்தின் வழியே ஆஸ்திரியாவுக்குச் சரக்கு வண்டி ஓட்ட அவர்களுடைய சின்ன ரயில் கம்பெனிக்கு இருந்த உரிமை, சுரங்கத்தின் நடுவிலேயே முடிந்து போயிருந்தது. எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பாதி பத்திரமாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பாதியைக் காணோம்.

"ஸ்ரெச்கோ! அந்தப் பாதிய என்ன பண்ணீங்க?"

முதலாளி ஸ்ரெச்கோ காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "திருப்பிக் குடுத்துட்டேன். சீக்கிரம் குடுத்தா தண்டம் கிடையாது, தள்ளுபடி வேறன்னு ரயில்வேக்காரன் போட்டிருந்தான். நமக்குச் சரக்கு குடுத்த உருக்காலைதான் மூடிக் கிடக்கே."

"அப்ப நம்ம பக்கத்துப் பாதி?"

"அதுக்கு இன்னும் கெடு இருக்கு. கையில இருக்கட்டுமேன்னு விட்டேன்."

"கையில இருந்து? மலைக்குள்ள பாதி தூரம் போய் நின்னுக்கிட்டு என்ன பண்றது, காளான் வளக்குறதா?"

யெசெனிட்ஸே ஊரில் ரயில் கம்பெனி நடத்தும் யாரும் செய்யக்கூடிய தப்புதான் இது. இன்ன கிழமை, இன்ன மணிக்கு இந்தத் தண்டவாளம் உனக்கு என்று ரயில்வே எழுதிக் கொடுப்பதை அங்கே 'நேரம்' என்பார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, வண்டி இருக்கிறதோ இல்லையோ, எல்லாரும் நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது வழக்கம். சுரங்கத்தில் ஒற்றைத் தண்டவாளம் என்று ஆன பிறகு அந்தப் பேராசை இன்னும் கூடியது. இந்த வருடம் இரண்டு நாட்டு ரயில்வேயும் சேர்ந்து அதற்கு ஒரு கடிவாளம் போட்டன. ஓட்டாத நேரத்துக்கும் காசு கட்ட வேண்டும், சீக்கிரம் திருப்பிக் கொடுத்தால் சலுகை. சட்டம் ஒன்றுதான். ஆனால் அலுவலகம் இரண்டு, கெடுவும் இரண்டு. சிக்கனம் பார்க்கப் போன ஸ்ரெச்கோ ஒரு சட்டையை நடுவில் கிழித்து ஒரு கையை மட்டும் விற்றுவிட்டு வந்திருந்தார்.

வேறு சமயமாக இருந்தால் நெவென்காவும் சிரித்திருப்பாள். அன்று காலைதான் யெர்னேயா போன் செய்திருந்தாள். காட்டில் புயல் சாய்த்த மரங்களை வாங்கிக் குவித்து வைத்திருப்பவள் அவள். வியாழக்கிழமை கட்டைகள் அந்தப் பக்கத்து அறுவை ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால் வருடம் முழுக்கச் சரக்கு உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். அது கிடைக்காவிட்டால் கோடைக்குள் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். வீட்டை அடகு வைத்து அந்தக் கம்பெனியில் பங்கு வாங்கியவள் நெவென்கா. ஆனாலும் உட்கார்ந்து அழுவது அவள் சுபாவம் இல்லை. தொலைந்த பாதியை யார் எடுத்தது என்று விசாரித்தாள். ஆஸ்திரியாவில் வில்லாஹ் நகரத்துச் சரக்கு ரயில் முதலாளி ஃபெர்டில் கோஃப்லர். அடுத்த பயணி ரயிலில் ஏறி அதே சுரங்கத்தைக் கடந்து, அவரைப் பார்க்கப் போனாள்.

கோஃப்லர் கேன்டீனில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"வாம்மா. உன் பாதியக் குடுக்க வந்தியா?"

"உங்க பாதியக் கேக்க வந்தேன்."

"நான் காத்திருப்பேன். கெடு வர்றப்ப நீ தானா திருப்பிக் குடுப்ப. இல்லன்னா ஓடாத வண்டிக்குக் காசு கட்டுவ."

"நீங்களும்தான் கட்டணும்."

"என்னால முடியும். உன்னால முடியாதே."

அவர் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சட்டென்று எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அந்தக் கோபத்தோடு தண்ணீரை ஒரே மூச்சாகக் குடித்தாள். தங்கள் பக்கத்துக் குவாரியிலிருந்து இவர் எடுத்துப் போகிற சுண்ணாம்புக்கல் வண்டி போன மாதம் ஏற்றத்தில் மூச்சுத் திணறி நின்றதும், பின்னால் வந்த வண்டியெல்லாம் காத்துக் கிடந்ததும் ஊருக்கே தெரியும். அதைக் கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"கல்லப் பாதி பாதியாதான் ஏத்துறீங்களாமே? பின்னாலருந்து தள்ள ரெண்டாவது எஞ்சின் இல்லன்னு சொல்றாங்க."

கோஃப்லர் கரண்டியைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"சொல்லாதவங்க யாரு? எங்ககிட்ட ஒண்ணு சும்மா நிக்குது. முன்னால உங்க எஞ்சின், உங்க கல்லு முழுசா. அதுக்குப் பின்னால எங்க கட்டை. கடைசியில எங்க எஞ்சின் தள்ளும். ஒரே வண்டி."

"நேரம் யார் பேர்ல? ஒரு வண்டிக்கு ஒரு பேருதான் ரயில்வேல போட விடுவான்."

இங்கேதான் எல்லாரும் முட்டிக்கொள்வார்கள். நேரம் கையை விட்டுப் போனால் நாம் யார் என்ற அந்த ஊர்ப் பயம் நெவென்காவுக்கும் இருந்தது. இருந்தாலும் சொன்னாள்: "இந்த வாரம் உங்க பேர்ல. அடுத்த வாரம் எங்க பேர்ல. மாத்தி மாத்தி."

"அடுத்த வாரம் நான் தரமாட்டேன்னா?"

"எஞ்சின் வராது. ஏத்தத்துல நின்னு வேடிக்கை காட்டுங்க."

கோஃப்லர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளுக்கும் ஒரு சூப் கொண்டுவரச் சொன்னார்.

ஊர் திரும்பியதும் ஸ்ரெச்கோ தலையில் அடித்துக்கொண்டார். "நானாவது பாதியத்தான் விட்டேன். நீ முழுசாத் தாரை வாத்துட்டு வந்திருக்க! கட்டைக்காரி நாளைக்கு நேரா அவன்கிட்டயே போயிடுவா."

"போகலாம். ஆனா இந்தப் பாதிய வச்சுக்கிட்டு ஓடாத வண்டிக்குக் காசு கட்டுனா அவ இன்னிக்கே போயிடுவா."

அவர் பதில் சொல்வதற்குள் தங்கள் பாதியை கோஃப்லர் பெயருக்கு மாற்றி அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. சுரங்க வாய்க்குப் பக்கத்தில், தண்டவாள வேலிக்கு வெளியே நெவென்காவும் யெர்னேயாவும் நின்றார்கள். கோஃப்லரின் எஞ்சின் முதலில் உள்ளே போனது. நிறையக் கல் ஏற்றிய பெட்டிகள் முனகிக்கொண்டே பின்னால் போயின. அதற்கப்புறம் கட்டைகள் வந்தன. ஈர மரத்தின் பிசின் வாசனை காற்றில் அடித்தது.

"முன்னால போறது யாரோட எஞ்சின்?" என்றாள் யெர்னேயா.

"வில்லாஹ்காரரோடது."

"அப்ப அடுத்த வாரத்துக்கு நான் யாருகிட்ட சொல்லணும்? அவர்கிட்டயா?"

நேரம் இன்னும் கோஃப்லர் பெயரில்தான் இருந்தது. அடுத்த வாரம் அவர் திருப்பித் தருவாரா என்பது நெவென்காவுக்குத் தெரியாது.

"என்கிட்ட," என்றாள் நெவென்கா, குரல் கொஞ்சம் ஓங்கியே. "என்கிட்டதான் சொல்லணும்."

யெர்னேயா தலையாட்டினாளா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றத்தில் வண்டி ஒரு கணம் தயங்கியது. கடைசியில் இருந்த அவர்களுடைய சிவப்பு எஞ்சின் உறுமிக்கொண்டு முட்டுக் கொடுத்தது. கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டுக்குள் நகர, எஞ்சினின் சிவந்த முதுகு மட்டும் மழையில் நனைந்தபடி இன்னும் வெளியே இருந்தது.