மேட்டுத் தெருவில் விழும் நிழல்கள்

மில் மூடி ஏழாவது வருஷம், கோடையில் ஒரு திங்கட்கிழமை, வெட்டிய மரங்களின் நிழல்கள் ஊருக்குத் திரும்பி வந்தன. மரங்கள் வரவில்லை, நிழல்கள் மட்டும்தான். காலையில் கடை திறக்க வந்தவர்கள், மொட்டைக் குன்றிலிருந்து ஆற்றங்கரை வரை அவை நீளநீளமாக விழுந்து கிடப்பதைப் பார்த்தார்கள். காற்றடித்தால் கிளைகள் அசைந்தன. சலூன்காரர் நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டு நிழலிலேயே முடி வெட்ட ஆரம்பித்தார். பத்து மணிக்கெல்லாம் ஊருக்கு அது பழகிப்போனது.

ஊர் என்றால் கிழக்கே ஒரு குன்று, மேற்கே ஓர் ஆறு, நடுவில் நாலு தெரு. குன்றில் வெட்டிய மரத்தை, குன்றைச் சுற்றி வரும் ஆற்றில் தள்ளிவிட்டால் அது மிதந்து மில் வாசலுக்கே வந்து நிற்கும் என்பதால்தான் அங்கே ஊரே முளைத்தது. நாற்பது வருஷம் ரம்பம் ஓயாமல் அறுத்தது. அப்புறம் குன்று மொட்டையானது, மில் மூடியது, பாதி ஜனம் பெட்டி படுக்கையோடு பஸ் ஏறியது. போகாமல் இருந்துவிட்டவர்களில் சுத்தியல்காரரும் ஒருவர்.

எந்த மரத்தை வெட்டலாம் என்று பார்த்து, அடிமரத்தில் முத்திரைச் சுத்தியலால் தன் எண்ணைப் பதிப்பது அவர் வேலை. அவர் எண் முப்பத்தேழு. எண் இல்லாத மரத்தை யாரும் தொடக்கூடாது. மேட்டுத் தெருவுக்கு நேர் மேலே இருந்த சரிவில் அவரும் எண் அடிக்கக்கூடாது. அந்த வேர்கள்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் மில் மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க சார்" என்றார். அதுவரை அவரை யாரும் சார் என்றதில்லை. மறுநாள் ஒரே பகலில் சரிவில் நூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்கு எண் அடித்தார். அவற்றை வெட்டிய இரண்டாவது மழைக்காலத்தில் சரிவு அப்படியே கீழே இறங்கியது. ஒன்பது வீடுகள், பதினான்கு பேர். அதில் ஒருவர் அவருடைய தங்கை புருஷன். மில்லில் மரம் வெட்டுகிறவர். எண் பதிந்த அடிக்கட்டைகளையும் மண் விழுங்கியிருந்தது. விசாரணையில் சுத்தியல்காரர், அந்த மரங்களுக்கு எண்ணே கிடையாது, மச்சான்தான் ஆள் சேர்த்துத் திருட்டுத்தனமாக வெட்டினார் என்று சொல்லிவிட்டார். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

தங்கை அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். பதினெட்டு வருஷம் அவருக்கு ஆக்கிப் போட்டாள். "நீ இல்லேன்னா எனக்கு யாருண்ணே" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்பார்.

அந்தத் திங்கட்கிழமை, சரிவு மரங்களின் நிழல்கள் நேராக அவர்கள் வாசலில் வந்து விழுந்தன. ஒவ்வொரு அடிமர நிழலிலும் உள்ளங்கை அகலத்துக்கு வெயில் விழுந்திருந்தது. வெயிலின் வடிவம் முப்பத்தேழு. விளக்குமாறோடு வந்த தங்கை குனிந்து ஓர் எண்ணைக் கையால் மூடினாள். எண் அவள் புறங்கையில் ஏறிக்கொண்டது.

"அண்ணே, இது உன் நம்பர்தானே?"

பொய் நுனி நாக்கு வரை வந்தது. அவள் கையைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார். "ஆமா, நான்தான் அடிச்சேன். மச்சான் திருடலை" என்றார்.

அவள் கத்தவில்லை. "பதினெட்டு வருஷம், எல்லாரும் தண்ணி பிடிச்சப்புறம்தான் குழாயடியில நான் குடம் வச்சேன். திருடன் பொண்டாட்டியாச்சே" என்றாள். "எங்கிட்ட சொன்னா போதாது. ஊர்ல போய்ச் சொல்லு."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்மா?"

"இத்தனை நாள் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சாப்பிட்டியோ, அதே மூஞ்சியோட போ."

போனார். சலூனில், பஸ் ஸ்டாண்டில், குழாயடியில் நின்று சொன்னார். யாரும் கை ஓங்கவில்லை. மகனை மண்ணுக்குக் கொடுத்த லாரி டிரைவர் மட்டும், "இன்னொரு தரம் சொல்லு" என்றார். இன்னொரு தரம் சொன்னார். கூட்டம் அவரை விட்டு ஓர் அடி தள்ளி நின்றது. அந்த ஓர் அடி அவர் சாகும்வரை குறையவில்லை. தங்கை அன்றைக்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

நிழல்கள் அதன்பிறகும் போகவில்லை. அடுத்த வருஷம் வந்த சர்வேயர் அவற்றையும் ஊர் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டார். மேட்டுத் தெருவில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்களிடம் அக்கம்பக்கத்தார் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: இங்கே பதினோரு மணி வரைக்கும் வெயில் வராது, துணியை அதற்கப்புறம் காயப்போடுங்கள்.