பத்தொன்பதாம் பக்கம்

வலயக் கல்வி அலுவலகத்தின் மாடி வராந்தாவில் சுஹைரா காலை எட்டு மணியிலிருந்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நியமனக் கடிதங்களுக்குச் சீல் குத்தும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பதினொரு மணிக்குப் புதிய ஆசிரியர்களுக்குக் கடிதம் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் ஒரு கடிதத்தை மாற்றியாக வேண்டும்.

அவள் பதில் அதிபராக இருந்த பள்ளிக்கூடம் துறைமுகச் சுவருக்குப் பின்னால் இருந்தது. கப்பலில் மூட்டை இறக்குகிறவர்களின் பிள்ளைகளும் மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகளும்தான் அங்கே படித்தார்கள். இரண்டு வருடமாக விஞ்ஞானத்துக்கு ஆளில்லை. ஆசிரியர் கேட்டு ஏழு கடிதம் எழுதியிருந்தாள்.

போன மாதம் புதிய சீர்திருத்தத்துக்கென்று ஐந்து வருட அபிவிருத்தித் திட்டம் கேட்டார்கள். நாற்பது பக்கம், ஆங்கிலத்தில், நான்கு நாளில். "செயற்கை நுண்ணறிவைப் பாவியுங்க. அதிபர்மார் காலத்தோட ஓடவேணும்" என்று கூட்டத்தில் சொன்னவர் பிரதிப் பணிப்பாளர் முத்தலிப். பள்ளிக்கூடத்தில் அதெல்லாம் தெரிந்தவன் அஸீம் மட்டும்தான். எட்டு வருடமாக நிரந்தர நியமனத்துக்குக் காத்திருக்கும் தொண்டர் ஆசிரியன். விபரங்களை அவன் போனில் அடித்துக் கொடுக்க, ஒரு பின்னேரத்துக்குள் முழுத் திட்டமும் வந்து விழுந்தது. சுஹைரா தமிழ்ப் பட்டதாரி. எழுத்துக் கூட்டிப் பத்துப் பக்கம் வாசித்தாள். மிச்சத்துக்கு நேரமில்லை. ஒப்பம் வைத்துவிட்டாள்.

பத்தொன்பதாம் பக்கத்தில், அவளும் அஸீமும் சொல்லாத ஒன்றை மெஷின் எழுதியிருந்தது. முழுநேர விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருக்கிறாராம். எல்லா வசதியும் கொண்ட ஆய்வுகூடமும் இருக்கிறதாம். நேற்று நியமனப் பட்டியல் வந்தபோது, அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய டிலக்ஷி என்ற விஞ்ஞான ஆசிரியையின் பெயருக்கு நேரே நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்று இருந்தது. அங்கே ஏற்கெனவே மூன்று விஞ்ஞான ஆசிரியர்கள்.

பத்தரைக்கு முத்தலிப் கூப்பிட்டார். அவள் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாசிக்காமலா ஒப்பம் வெச்ச நீங்க?"

"முழுக்க வாசிக்கேல்ல, சேர். பிழை என்னிலதான். ஆனா எங்களுக்கு ஆளில்லையெண்டது உங்களுக்குத் தெரியும்தானே. ஏழு கடிதம் தந்தனான்."

"எனக்குத் தெரியும் மெடம். இப்ப பட்டியல் போடுறது கணினி. அந்தப் பெரிய பாடசாலைட திட்டத்தில ஆள் போதாதெண்டு கிடக்கு, உங்கடதில இருக்கெண்டு கிடக்கு. அதோட, வலயத்தில முதலாவது உங்கட திட்டம்தான். மாதிரிக்கெண்டு மேல அனுப்பியாச்சு. இப்ப அது பொய்யெண்டா எங்கட முகத்தை எங்க வைக்கிற?"

அடுத்த அறையில் சீல் சத்தம் நின்றுவிட்டது.

முத்தலிப் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. அஸீம் உங்களுக்குத் தெரியாமச் செய்த வேலையெண்டு எழுதித் தாங்க. நான் கதைச்சுப் பாக்கிறன். டீச்சரும் கிடைக்கலாம்."

அப்படி ஒரு வரி எழுதினால் அஸீமின் எட்டு வருடமும் அதோடு போய்விடும். எழுதாவிட்டால், பதினோராம் வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம்தான் இருந்தது.

"மெஷினைப் பாவிக்கச் சொன்னது நீங்கதானே, சேர்."

"பாவிக்கச் சொன்னனான். பிழை விடச் சொல்லேல்ல."

அவள் ஒரு வெள்ளைத்தாள் வாங்கித் தமிழில் எழுதினாள். ஒப்பமிட்டது தான்தான், வேறு எவரிலும் பிழையில்லை. பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் என்றிருப்பது உடைந்த மேசைகள் அடுக்கிய அறை. முத்தலிப் அதை இரண்டுதரம் வாசித்தார். திகதி முத்திரை குத்தித் தட்டில் போட்டார்.

அவள் இறங்கி வந்தபோது வாசலில் டிலக்ஷி கடிதத்தை நெஞ்சோடு பிடித்துப் படத்துக்கு நின்றாள். அவளுடைய தகப்பன் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். சுஹைரா படத்தில் விழாமல் ஒதுங்கிப் போனாள்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே தபாலில் இரண்டு உறை வந்தன. ஒன்றில் சிறந்த திட்டத்துக்கான சான்றிதழ். மற்றதில் பொய்த் தகவல் வழங்கியமைக்கு மூன்று நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆதாரமாக அவள் கைப்பட எழுதியதன் பிரதியையே இணைத்திருந்தார்கள்.

அஸீம் கதவடியில் நின்றான். "நான் போய், நான்தான் செய்தனான் எண்டு சொல்லட்டா, மிஸ்?"

"வேண்டாம். எட்டாம் வகுப்புக்குப் போங்க. பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குதுகள்."

நான்காம் பாடம் பதினோராம் வகுப்புக்கு விஞ்ஞானம். ஆளில்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சுஹைரா போனபோது அப்ரா என்ற பிள்ளை பழைய வினாத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு, கரும்பலகையில் மின்சுற்று வரைந்து முடித்திருந்தாள். கலம், மின்குமிழ், ஆளி, எல்லாவற்றையும் கோடுகள் இணைத்தன.

"இது சரியா, மிஸ்?"

சுஹைரா பார்த்தாள். கிட்டப் போயும் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. வாங்குகளில் மற்ற முப்பத்துமூன்று பேரும் அடிமட்டம் வைத்து, கோடு கோணாமல், அதைக் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தார்கள்.