ஒற்றைக்கொட்டை முள்மரம்

தெசங்கா கிணற்றோர முள்மரத்தடியில் நின்று ஒரு பழத்தைக் கடித்துச் சக்கையைத் துப்பி, கொட்டையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். ஒரே கொட்டை. அதே கிளையில் அடுத்த பழத்தைக் கடித்தாள். இரண்டு கொட்டை.

கூடத்தில் அவள் மாமனார் வுக்காஷினைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். பெட்டியை மூடுவதற்குள் க்ளோக் என்னும் முள்மரத்தில் ஓர் ஆப்பு சீவி அவர் நெஞ்சுக்கு அடியில் செருகியாக வேண்டும். இல்லையென்றால் அவர் மாதிரி ஆள் குழியிலிருந்து திரும்பி வந்துவிடுவார்.

அதுவும் ஒற்றைக்கொட்டை மரமாக இருக்க வேண்டும். கத்தரியால் நறுக்கியதுபோல் இலை ஆழமாகப் பிளந்திருக்கும். இரட்டைக்கொட்டைக்கு இலை மொண்ணை, பிடிப்பும் பாதிதான். மேலத்தெரு ராஞ்சேலுக்கு அவசரத்தில் அதைச் செருகிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே குழியிலேயே தங்கிவிட்டது. மேல்பாதி மட்டும் வீடு வந்தது. படியேற வழியில்லாமல் ஜன்னல் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, சூப்பில் உப்பில்லை என்று குளிர்காலம் முழுக்கப் பெண்டாட்டியைத் திட்டியது.

தெசங்காவின் ஆள்காட்டி விரல் கோணல். வுக்காஷின் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது.

அன்று காலை, சாகக்கிடந்த அவர் தண்ணீர் கேட்டபோது, டம்ளரை எட்டாமல் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல சொல்லுங்க மாமா. எது ஒத்தைக்கொட்டை?"

"தண்ணி குடுடி."

"மரத்தைச் சொல்லுங்க, தர்றேன்."

"கிணத்தோரம் இருக்கறது. நானே வச்சது."

பாதி டம்ளர் உள்ளே போனது. மீதிக்கு அவர் இல்லை. வாய் மட்டும் ஒருபக்கமாகச் சிரித்தபடி நின்றுவிட்டது.

அவள் கல்யாணமாகி வந்த வசந்தத்தில், கிழவர் கோழியிறகால் ஒரு மரத்துப் பூவைத் தொட்டு இன்னொரு மரத்துப் பூவில் தடவிக்கொண்டிருந்தார். கிறுக்கு என்று நினைத்தாள். ஒற்றையும் இரட்டையும் கலந்த அந்த விதைதான் இப்போது கிணற்றோரம் மரமாக நிற்கிறது.

"பாதிரியார் காத்திட்டிருக்காரு," என்றான் அவள் புருஷன் மிலாதின்.

"வேற மரம் இல்லையா?"

"எங்க விட்டு வச்சாரு? போன வருஷமே எல்லாத்தையும் வெட்டி அடுப்புல போட்டாரு. இருக்கறதைச் சீவு. செத்தவருக்குக் கொட்டை எண்ணத் தெரியுமா?"

"உங்கப்பாவுக்குத் தெரியும்."

அந்த மரத்திலேயே ஆப்பைச் சீவினாள். செருகினாள். ஆணி அடித்தார்கள்.

எல்லோரும் பெட்டியோடு போனபின், காலையில் மீந்த பாதி டம்ளரை விளிம்புவரை நிரப்பினாள். ஜன்னலைத் திறந்து, அவர் தாடை வைக்க இடம் விட்டு, டம்ளரை விளிம்பின் ஓரமாக வைத்தாள்.