கடைசிப் பலகை

தனப்பிரியாவின் கீழ்த்தள அறையில் சிமென்ட் தரை ஓயாமல் கசிந்தது. தச்சர் அப்புசாமி பிளாஸ்டிக் தாளை விரித்து, மேலே சட்டங்களை அடுக்கி, பலகைகளை உயர்த்திப் பொருத்திக்கொண்டிருந்தார்.

ஐப்பசிக்குள் வந்து தானே தரை போடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் கணவன் கௌசிக் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு ராஜஸ்தான் போயிருந்தான். இப்போது கார்த்திகை.

"ஊரூராத் தண்ணிய நோண்டறவரு, சொந்த ஊட்டுத் தண்ணிய உட்டுட்டாருங்களே!" என்று அப்புசாமி சிரித்தார்.

அவளும் சிரித்தாள்.

"கடைசிப் பலகையையும் முடுக்கிரட்டுங்களா, சாமி?" என்று அவர் ஸ்க்ரூவைக் கையில் எடுத்தார்.

அவள் சிரிப்பு நின்றது.

"வேண்டாமுங்க. சும்மா வெச்சுட்டுப் போங்க. அத அவரு வந்து முடுக்கட்டும்."

மிச்சமிருந்த நான்கு ஸ்க்ரூக்களையும் வாங்கி, கொடியில் தொங்கிய அவன் சட்டைப் பையில் போட்டாள். பிறகு அந்தப் பலகையை மட்டும் மிதிக்காமல் தாண்டி மேலே ஏறினாள்.